மடியில் பலாப்பழத்தோடு ஒரு சிவப்பு மனிதர்

தடித்தடி நாவல்களை அடிக்குறிப்பு விடாமல் படித்தவன் நான். காரோடு வந்த புத்தகத்தை மட்டும் பாலிதீன் உறையிலிருந்து எடுத்ததே இல்லை. ஸ்பீடாமீட்டர் ஓரத்தில் இரண்டு மாதமாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மடியில் பலாப்பழத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிற மாதிரிப் படம். வண்டியில் பாரம் ஜாஸ்தி என்று அதற்கு நானே உரை எழுதிக்கொண்டேன்.

ஏழு மாதக் கர்ப்பிணியான மகளைத் திருவண்ணாமலையில் டாக்டரிடம் காட்ட, அவள் வீட்டிலிருந்து அழைத்துப்போகக் கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தேன். அவள் புடவை மாற்றும் நேரத்தில் படிக்க வேறெதுவும் இல்லாததால் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். பலாப்பழம் இல்லை, ஏர்பேக். விளக்கு அணையாவிட்டால், மோதும்போது பை விரியாமல் போகலாம். மோதாமலே விரிந்துவிடவும் கூடும்.

மகள் வந்து காரின் முன்கதவைத் திறந்தாள்.

"பின்னாடி உக்காரும்மா."

"பின்னாடின்னா வாந்தி வரும்பா. ஏன்?"

"சும்மாதான்."

உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். சாலையைவிட அவள் வயிற்றையும் அதற்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் மூடியையும்தான் அதிகம் பார்த்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சை அடக்கினேன். பஸ்கள் ஹாரனிலேயே வைதுவிட்டுப் போயின. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்தியது.

டாக்டரிடம் போகாமல் நேரே மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். அவர் சீட்டுக்கடியில் டார்ச் அடித்தார். நான் திணித்திருந்த பழைய புத்தகக் கட்டு, மஞ்சள் ஒயர் ஒன்றின் பிளக்கைத் தளர்த்தியிருந்தது.

"உள்ள ஒரு பெட்டி இருக்கு சார். ஸ்டார்ட் பண்றப்பல்லாம் ஒயருங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கும். ஒண்ணு 'உள்ளேன் ஐயா' சொல்லலன்னாலும் லைட்டப் போட்டுரும். அப்புறம் பலூன நம்ப முடியாது."

பேட்டரியைக் கழற்றியும் அவர் ஒயரைத் தொடவில்லை. ஓரமாக நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க. மோதி பேட்டரி நொறுங்கினாலும் பலூன் விரியணும்னு, அந்தப் பெட்டி கரண்ட்ட புடிச்சு வெச்சிருக்கும். அது எறங்கட்டும்."

அந்தச் சில நிமிடங்கள், அவ்வளவு நேரம் எதன் பக்கத்தில் மகளை உட்கார வைத்திருந்தேன் என்று யோசித்தபடி நின்றேன். பிறகு அவர் பிளக்கைச் சொருகி, பேட்டரியை மாட்டி, பெட்டியில் பதிவாகியிருந்த பழுதை ஒரு கருவியால் அழித்தார். விளக்கு அணைந்தது.

மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் மெக்கானிக்கைக் கேட்டாள்:

"அண்ணா, லேசா இடிச்சா பலூன் வருமா?"

"வராதும்மா. வேகமா மோதினாத்தான்."

என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பயப்படாதப்பா. நீ ஓட்டுன ஓட்டத்துக்கு, நல்லா இருந்திருந்தாக்கூட அது எழுந்திருச்சிருக்காது."