வவுனியாவைத் தாண்டாத பசளை

சித்தப்பா வன்னியில் வயல் செய்தவர். சண்டைக் காலம் அது. அந்தக் காலபோகத்தில், மாரி விதைப்பில், மழை குறைவில்லாமல் பெய்தும், யூரியாப் பசளை கிடைக்காமல் பயிர் மஞ்சளடித்து நின்றது. நெல் விதைப்பவர்களுக்கு அரசாங்கம் பசளை மானியம் கொடுக்கிறது, கொழும்புக்கே போய்க் கேட்டால் அலுவல் நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் எடுத்துக்கொண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வடக்கிலிருந்து யார் வந்தாலும் பொலிசில் பதிய வேண்டும்; வந்தவுடன் அவரைப் பதிந்தோம். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குச் சிங்களம் தெரியாது.

மானியம் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த பெண்மணி நல்லவர். இருக்கச் சொன்னார், கோப்பைத் தேடி எடுத்தார், சித்தப்பாவின் வயலுக்கு மானியம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றார். நான் அதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது.

"மூட்டையை எங்க எடுக்கிறதெண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அந்தப் பெண்மணி பேனையை மூடி வைத்துவிட்டு, தங்கச்சி என்று என்னைச் சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"நங்கி, இங்கே ஸ்டோரில் இருக்கிறது. ஆனால் வவுனியாவுக்கு அந்தப் பக்கம் யூரியா கொண்டுபோக ஆமி விடாது. இயக்கம் குண்டு செய்ய எடுக்கும் என்று தடை."

"அப்ப ஏன் ஒதுக்கினவை?" என்றார் சித்தப்பா.

"ஒதுக்குவது எங்கள் வேலை. பாதை எங்கள் கையில் இல்லை."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "பயிர் குடலைக்கு வரப்போகுது, இப்ப போடாட்டி கதிர் சப்பியாப் போயிடும் எண்டு சொல்லு. விளங்கிற மாதிரிச் சொல்லு."

எனக்குத் தெரிந்தது பஸ்ஸிலும் கடையிலும் பேசும் சிங்களம். கதிர் பொதியாகும் குடலைக்கும், மணி பிடிக்காத சப்பிக்கும் அதில் சொல் இல்லை. "நெல்லுக்குச் சுகமில்லை" என்று ஏதோ சொன்னேன். அந்தப் பெண்மணிக்கு விளங்கிவிட்டது. "என் தாத்தாவும் வயல் செய்கிறவர்தான்" என்றார். தாத்தா என்றால் அவர்கள் மொழியில் அப்பா. பிறகு கோப்பைக் கட்டினார். அவர் கத்தியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு கடை வாசலில் பூச்சாடிகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ரோசாச் செடிக்குப் போடும் பசளை, சின்னப் பைக்கற்றுகளில். சித்தப்பா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது யூரியாதான்."

"வையுங்கோ சித்தப்பா. வவுனியாவில ஆமி பையில கண்டா பிடிப்பாங்கள்."

"இந்தக் கொஞ்சத்தையுமோ?"

"ஓம்."

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பார்வைக்குப் பயந்துதான் நான் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். சித்தப்பா பைக்கற்றை இருந்த இடத்திலேயே பக்குவமாக வைத்தார். வீட்டுக்கு வந்தோம். "என்ன, சரிவந்ததோ?" என்று அம்மா கேட்டபோது, "ஓம், தந்திட்டாங்கள்" என்று சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

சித்தப்பா வன்னிக்குத் திரும்பிப் போனார்; அந்த முறை மாட்டெருவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அறுவடை முடிந்து அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார்: முக்கால்வாசி சப்பி, வைக்கோல் மட்டும் மாடுகளுக்கு ஆயிற்று. அடுத்த போகத்துக்கு முன் வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். சித்தப்பா விதைத்தாரா, விட்டுவிட்டு வேறெங்காவது போனாரா என்று கேட்டறிய எங்களுக்கு வழியிருக்கவில்லை.