கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

கம்ப்யூட்டர் அணைவதற்கு முன்னால் ஒரு வாசம் வரும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்து மறந்துவிட்டால், துணி கருகுவதற்குச் சற்று முன்னால் ஒரு வாசம் கிளம்புமே, அதுதான். அது மூக்குக்கு எட்டும்போதே திரை கறுத்துவிடும். உள்ளே சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றுவிடும். ஹெட்போனில் அண்ணன் குரல் பாதிச் சொல்லில் அறுந்துபோகும். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் தறிகளின் சத்தம் மட்டும்.

பல்லடத்தில் இருந்து உள்ளே பிரியும் ரோட்டில் எங்கள் வீடு. வீடு என்பதைவிட, தறிக்குடோனின் ஓரத்தில் தடுத்த இரண்டு அறை என்று சொன்னால் சரியாக இருக்கும். சுற்றிலும் சோளக்காடு. அப்போது நான் ஏழாவது படித்தேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் யாராவது வந்தாலும் கொஞ்ச நேரத்தில் "காது கொய்ங்குது" என்று கிளம்பிவிடுவார்கள். விசைத்தறி ஓடும் வீட்டில் பேச்சு குறைவு. கத்திச் சொல்கிற அளவுக்கு முக்கியமாக இருந்தால்தான் சொல்வோம். மற்றதெல்லாம் கைச்சாடை. எனக்கு இன்றைக்கும் பேச்சு அவ்வளவாக வராது.

அந்தக் கம்ப்யூட்டர் அண்ணன் வாங்கியது. கோயமுத்தூரில் ஒரு கேம் சென்டரை மூடும்போது பழையதாக விலைக்குப் பிடித்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே சிவப்பு வெளிச்சம். ஊரில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. அதில் அவன் விளையாடுவான், நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். அப்புறம் எனக்கும் கற்றுக்கொடுத்தான்.

அடுத்த வருசம் அவனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு முற்றியது. "தறிய வித்துப்போட்டு வேற எதாச்சும் பாக்கலாங்ப்பா" என்று அண்ணன் சொன்னான். அப்பா தறியை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். "தறி வேண்டாம்னா என்னோட பேச்சும் உனக்கு வேண்டாம்." அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு பையோடு அவன் பெங்களூருக்குப் பஸ் ஏறினான். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. "நீ வெளையாடு அம்மணி, நான் அங்க இருந்து வாரேன்" என்றான்.

அப்பா சொன்ன சொல்லில் நின்றார். அவன் பெயரை எடுக்க மாட்டார். போன் மணி அடித்தால் குடோனுக்குள் போய்விடுவார். அம்மா போனை எடுத்துக்கொண்டு சோளக்காட்டு ஓரம் போய், "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். அதற்குமேல் அவருக்கும் பேச வராது.

அண்ணன் அங்கே ஒரு கம்பெனியில் மெசின் வேலைக்குச் சேர்ந்தான். ரூமில் யாருடைய கம்ப்யூட்டரிலோ உட்கார்ந்து சாயங்காலம் விளையாட்டுக்குள் வருவான். நானும் போவேன். இரண்டு பேரும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு ஓடுவோம். நேரில் இருந்தபோது பேசாத பேச்செல்லாம் அதில் பேசினான்.

"சுடு புள்ள! அவன் ஓடி வாரான், நீ கோலம் போட்டுட்டு இருக்கற?"

"எங்கீங்ண்ணா?"

"பொறத்தாண்ட! பொறத்தாண்ட!"

நான் பின்னால் திரும்பி, சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து வாசம் வரும். அணைந்துவிடும். சும்மா படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது. பாட்டுக் கேட்டால் ஒன்றும் ஆகாது. விளையாடினால் மட்டும்தான். ஒரு ஆட்டத்தையாவது கடைசிவரை ஆடியதில்லை.

அணைந்ததும் அண்ணன் போனில் கூப்பிடுவான். இரண்டு கையும் கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால் நான் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவேன். தறிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை முழுசாக வைப்பேன். அவன் குரல் அறை முழுக்க நிறையும்.

"பொறத்தாண்ட வயரப் புடுங்கிட்டயா? சைடுக் கண்ணாடியக் கழட்டு. மெதுவா. கையில கழட்டறயா, கால்ல கழட்டறயா?"

"கையிலதானுங்."

"அந்தப் பச்சை அட்டையா நீட்டமா இருக்குதில்ல, அதான் ராம். உருவி, பல்லு பல்லா இருக்கற எடத்த ரப்பர் வெச்சுத் தேச்சு மாட்டு. பென்சில் ரப்பர். பேனா ரப்பர்ல தேச்சுப்போடாத."

தேய்த்து மாட்டுவேன். மறுநாளும் அணையும். இன்னொரு நாள் பவர் பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னான். இன்னொரு நாள் விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "பஞ்சு அடைச்சிருக்கும் பாரு" என்றான்.

அதுதான் என்று எல்லோரும் நம்பினோம். தறிவீட்டில் பஞ்சுத்தூசி புகாத இடம் கிடையாது. சோற்றில் இருக்கும், தலைமுடியில் இருக்கும். குடோனுக்கும் என் அறைக்கும் நடுச்சுவரில், காற்றுக்காக மேலே ஓட்டை ஓட்டையாக ஜாலி வைத்திருந்தது. அது வழியாக நாள் முழுக்கப் பஞ்சு பறந்து வரும். அதனால் எங்கள் வீட்டில் எல்லாச் சாமானுக்கும் அம்மா காடாத்துணியில் சட்டை தைத்திருந்தார். டிவிக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, தையல் மெசினுக்கு ஒன்று. கம்ப்யூட்டருக்கும் அளவெடுத்துத் தைத்தார். முன்பக்கம் மட்டும் திறப்பு. மற்ற மூன்று பக்கமும் மூடி, பின்னால் நூல்கயிற்றால் கட்டு. அம்மா கட்டுவது எப்போதும் உருவாஞ்சுருக்கு. நுனியை இழுத்தால் வந்துவிடும்.

நான் சைக்கிள் பம்ப் வைத்து ஊதி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைத்து, சுத்தமாக மூடிக் கட்டுவேன். மறுபடி பஞ்சு போகக்கூடாது என்று முன்னைவிட இறுக்கிக் கட்டுவேன். அது முன்னைவிடச் சீக்கிரம் அணையும். அண்ணன் எத்தனையோ கேள்வி கேட்டான். துணியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே. சட்டை போட்ட சாமான் எங்கள் கண்ணில் தனியாகப் படாது.

இந்த ரிப்பேர்ப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ஒன்று கவனித்திருக்கிறேன். சுவரை ஒட்டின தறி நின்றுவிடும். மற்றவை தள்ளி இருப்பதால் சத்தம் பாதியாகக் குறையும். அண்ணன் பேசுவது தெளிவாகக் கேட்கும். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன். சாப்பிடும்போது அம்மா கேட்பார், "ஏனுங்க, அந்தத் தறி இன்னைக்கும் நின்னுபோச்சுங்களா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நூல் அந்துபோச்சு" என்பார்.

மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அம்மா எல்லாச் சட்டையையும் உருவித் துவைக்கப் போட்டார். கம்ப்யூட்டர் அன்றைக்கு வெறும் உடம்போடு நின்றது. சாயங்காலம் விளையாடினேன். வாசம் வரவில்லை. சண்டை வந்தது, அணையவில்லை. நானும் அண்ணனும் கடைசிவரை ஓடிக் கடைசி ஆளாக நின்று ஜெயித்தோம். அவன் பெங்களூரில் கத்தியது காதை அடைத்தது.

"என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணுலீங்ண்ணா. அம்மா சட்டையத் தொவைக்கப் போட்டிருக்குது."

"சட்டையா?" என்றான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. "சித்திரை வெயில்ல உன்னையக் கம்பளியப் போத்தி ஓடுன்னா ஓடுவியா? நீ மூடி வெச்ச பக்கந்தான் சூடு போறதுக்கு வழி புள்ள!"

ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். நானாக வாய் திறந்து சொன்னதால் அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். அப்பா தலையைத் தூக்காமல், "மோட்டார்னா மூச்சு விடோணுமில்ல" என்றார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் அணையவில்லை. அதனால் ரிப்பேருக்கு அண்ணன் கூப்பிடும் போனும் வரவில்லை. எனக்கு ஒன்றும் குறையில்லை. ஹெட்போனில் அவன் இருந்தான். ஆனால் ஹெட்போன் என் காதில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் அவன் குரல் கேட்கவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை. சுவரை ஒட்டின தறி நிற்காமல் ஓடியதும் உறைக்கவில்லை. அப்பாவிடம் ஒரு மாற்றம் மட்டும் தெரிந்தது. சாயங்காலம் ஆனால், பீடி பற்றவைக்க வருகிற மாதிரி என் அறை வாசல் வரை வருவார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் தனியாகப் பேசுவதைப் பார்ப்பார். பற்றவைக்காமலே திரும்பிப் போவார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம். திரை கறுத்தது.

எட்டிப் பார்த்தேன். சட்டை போட்டிருந்தது. மூன்று பக்கமும் இழுத்து மூடி, பின்னால் கட்டியிருந்தது. அம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். "மூடக்கூடாதுன்னு சொன்னனில்லம்மா?"

அம்மா தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "நா எங்க கண்ணு மூடுனே? தொவைச்சு மடிச்சு வெச்சதோட செரி."

திரும்ப வந்து அவிழ்க்கப் பார்த்தேன். நுனியை இழுத்தேன், வரவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. குனிந்து பார்த்தேன். உருவாஞ்சுருக்கு இல்லை. அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு முடிச்சு. தறியில் ஓடும் பாவில் நூல் அந்துபோனால், கண்ணால் பார்க்காமல் விரல் நுனியில் போடுகிற முடிச்சு. எங்கள் வீட்டில் அது இரண்டு பேருக்குத்தான் வரும். ஒருவர் பெங்களூரில் இருந்தார்.

மேசையில் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "என்ன புள்ள, மறுபடி போயிருச்சா?" என்றான் அண்ணன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது.

மேலே ஜாலியைப் பார்த்தேன். பஞ்சுதான் பறந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குக் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு மனிதர் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"துணிய எடுத்துட்டயில்ல?"

"ம்."

"அப்பறம் என்ன கேடு அதுக்கு? செரி, சைடக் கழட்டு. மொதல்ல இருந்து பாக்கலாம்."

மொதல்ல இருந்து பார்த்தோம். துணியை மேலே தூக்கிவிட்டு ராமை உருவினேன், தேய்த்தேன், மாட்டினேன். அவன் சொல்லச் சொல்ல நான் "ம்" கொட்டினேன். எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெதுவாகச் செய்தேன். அவன் சளி பிடித்து இருமினான். "அங்க குளுருதுங்களாண்ணா?" என்று கேட்டேன். அதுவரை நான் அப்படியெல்லாம் கேட்டதில்லை. குளிருகிறது என்றான், கம்பளி வாங்கிவிட்டேன் என்றான், மெஸ் சோறு வாயில் வைக்க முடியவில்லை என்றான். போனை வைத்த பிறகு கொஞ்சம் பொறுத்துத் தறி ஓட ஆரம்பித்தது.

முடிச்சை நான் வெட்டவில்லை. அப்பாவிடம் கேட்கவும் இல்லை. தனியாக விளையாட வேண்டும் என்றால், வேலைக்குப் போகிற பெண்கள் சேலையைச் செருகிக்கொள்கிற மாதிரி, துணியைத் தூக்கிச் செருகிக்கொள்வேன். வாரத்தில் ஒருநாள் இறக்கிவிடுவேன். அது அணையும். போன் வரும். தறி நிற்கும். பத்தாவது முடித்து நான் தறிக்கு வந்த பிறகும் இது நடந்தது. வீட்டில் இருந்த நாங்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அப்பா நெஞ்சுவலியில் போனார். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே போனார். அண்ணன் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவன் என் அறைக்கு வந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சட்டையப் போட்டே வெச்சிருக்கற?" என்று அதட்டிக்கொண்டே அவிழ்ப்பதற்காகப் பின்பக்கம் கைவிட்டான். கை அங்கேயே நின்றது. பெட்டியை மெதுவாகத் திருப்பினான். அவனும் சின்ன வயதிலிருந்து தறி ஓட்டியவன். அந்த முடிச்சை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

"எப்ப இருந்து?"

"அந்த நோம்பி கழிஞ்சதுல இருந்து."

கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு ஜாலியைப் பார்த்தான்.

"நான் பேசறது அங்க கேக்குமா?"

"அப்பா தறிய நிறுத்தீருவாங்க" என்றேன்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். முன்னால் நான் உட்கார்ந்து பார்க்கிற ஸ்டூல் அது. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போது தறிகள் இல்லை. குடோனில் யாரோ கோழித் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறேன். கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. இப்போது வருகிற விளையாட்டு எதுவும் அதில் ஏறாது. சட்டையை மேல்வழியாக உருவி எடுத்துவிட்டோம். நோம்பிக்கு நோம்பி மற்றதோடு சேர்த்து அம்மா அதையும் துவைக்கிறார். முடிச்சோடுதான் காய்கிறது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். "கம்ப்யூட்டர் ஓடுதா?" என்றுதான் முதலில் கேட்கிறான். பழக்கத்தில் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறேன். சத்தத்தையும் முழுசாக வைக்கிறேன். இப்போது அவ்வளவு வைக்க வேண்டியதில்லை. அவன் குரல் ஜாலி வழியாகப் போய், மூட்டைகளுக்கு நடுவில் மோதித் திரும்பி வருவது எனக்குக் கேட்கிறது.