பிறந்தநாள் கொடியும் பிரேபன் லுண்டும்

போதில் குரோ. பிறப்பு: 14 மே 1948, மார்ஸ்தால், டென்மார்க். பள்ளிச் சமையலறையில் முப்பத்தோராண்டு வேலை. கணவர் ஸ்வென், சரக்குக் கப்பல் மாலுமி, 2011இல் காலமானார். மோசடி நடந்த நாள்: 14 மே 2018, போதிலின் எழுபதாவது பிறந்தநாள்.

அன்று காலை, பிறந்தநாளுக்கு அந்நாட்டு வழக்கப்படி, தோட்டத்துக் கம்பத்தில் தேசியக் கொடியேற்றினாள். கொடி பறக்கும் வீட்டுக்குப் பூங்கொத்தோடு வருகிறவரை யாரென்று கேட்பது அத்தெருவில் வழக்கமில்லை. காபி ஊற்றி உட்கார வைப்பார்கள். அப்படித்தான் அந்த அந்நியனும் வந்தான்.

"ஸ்வென்னோட கப்பல்ல இருந்தவரா?" என்று போதில்தான் கேட்டாள். அவன் தலையாட்டினான். பிரேபன் லுண்ட் என்று பெயர் சொன்னான்.

ஸ்வென்னைப் பற்றி அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினான். விருந்தினர் இருபத்திரண்டு பேரும் கூடவே பாடினார்கள். துறைமுகத்தில் ஸ்வென் பெயரில் ஒரு பெஞ்சு போடலாமே என்றான். எல்லோரும் பணம் கொடுத்தார்கள். போதில் வாசலில் அவனைக் கட்டியணைத்து வழியனுப்பினாள்.

பெஞ்சு வரவில்லை.

"கில்லாடிப்பய! நம்மளயே பாட வச்சு நம்ம காசையே வாங்கிட்டுப் போயிட்டான் பாரு!" என்று பேக்கரியில் சிரித்தாள் பக்கத்து வீட்டுத் தோவ.

"போலீஸ்ல சொல்லணும். கூட வர்றியா?"

"ஏன், ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கவா? பாட்டுக்குக் குடுத்த காசுன்னு நெனச்சுக்கிட்டு விடு, போதில்."

"ஸ்வென் பேரைச் சொல்லி வாங்கியிருக்கான், தோவ."

"அந்தப் பேரை அவனுக்கு எடுத்துக் குடுத்தது யாரு?"

போதில் ரொட்டியை வாங்காமலே வெளியே வந்தாள். தனியாகவே போய்ப் புகார் கொடுத்தாள். போலீஸ் இருபத்திரண்டு பேரையும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தது. அதன் பிறகு கடைத்தெருவில் பலர் அவளைக் கண்டதும் எதிர்ப்புறம் போனார்கள். லுண்ட் அகப்படவில்லை. இலையுதிர்கால நடன விருந்தில் யாரோ அவன் பாட்டை எடுத்துக்கொடுக்க, கூடமே மேசையைத் தட்டிப் பாடியது. போதில் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறு ஆண்டு மே மாதம் தோவ வேலியருகே வந்து நின்றாள்.

"இந்த வருஷம் கொடி வேண்டாமே. எவன் வேணா உள்ள வந்துருவான்."

"வரட்டும். எல்லாரும் வரணும்னுதானே ஏத்துறது."

"எங்க பேரெல்லாம் போலீஸ்ல குடுத்துட்டியே, போதில். யாரு வருவா?"



14 மே 2019. காலை எட்டு மணிக்குக் கொடி ஏறியது. மேசையில் வைத்த கோப்பைகள் இருபத்து மூன்று. மாலையில் கழுவ வேண்டியிருந்தவை, போதிலுடையதையும் சேர்த்து, மூன்று.