அக்காவின் விரலுக்கு அமுங்காத பட்டன்

கையை நல்லாக் கழுவிட்டு அமுக்கிப் பாரு என்று என் சொந்த அக்காவிடம் போனில் சொன்னவன் நான். இப்போது நினைத்தாலும் என்மீது எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, என் சட்டைக் காலரை நானே பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம். உலுக்கியும் பார்த்தேன். சட்டைதான் கசங்கியது.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே என் அலுவலகம் இருக்கிறது. வாசல் பலகையில் 'மென்பொருள் தீர்வுகள்' என்று பன்மையில் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே நாற்காலி மட்டும் ஒருமை. அதில் உட்கார்ந்திருக்கும்போது நான் இயக்குநர். எழுந்து போய்க் கேத்தலை வைக்கும்போது ஊழியர். தேத்தண்ணீர் சரியில்லை என்று முறைப்பாடு செய்வதும் நான்தான், அதைக் காதில் வாங்காமல் விடுவதும் நான்தான்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு பயிற்சி நிலையத்தின் வேலை வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காமராக்களுக்கு ஆள் பயிற்றும் ஒரு வருட வகுப்பு. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். திங்கட்கிழமை திறந்து வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு மூடிவிடும். அதற்கான படிவத்தை எழுதிக் கொடுத்தது நான்.

அக்கா தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினேழு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். அவள் கூடை தூக்கிய வருடத்தில்தான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன்; அவள் தூக்கியதால்தான் உயர்தரம் வரை போனேன். ஒரு வருடமாக அவளுடைய வலது முழங்கால் மேட்டில் ஏற மறுக்கிறது. பிள்ளைக் காமராவோ தட்டையான தரையில் இருக்கிறது. அவளுக்கு அந்த வகுப்பு வேண்டும். வயதெல்லை முப்பத்தைந்து, அவளுக்கு முப்பத்தைந்து. அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

"நீ எழுதின ஃபோம் தானே, எனக்கு ஈசியா இருக்கும்" என்றாள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நிமிர்த்தியதற்குக் காரணம் இருந்தது. யாரும் கேட்காத ஒரு வித்தையை அந்தப் படிவத்தில் செய்து வைத்திருந்தேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று ஒவ்வொரு பெட்டியையும் நிரப்ப நிரப்ப, ஒவ்வொரு விசையையும் என் நிரல் எண்ணும். எல்லாம் சரியாக வந்ததும் கீழே சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் 'அனுப்பு' பட்டன் கண் விழித்துப் பச்சையாகும். லெப்டொப்பில் மூன்று பிரவுசர்களில் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் பச்சை. திரையைப் போன் அளவுக்குச் சுருக்கிக் காட்டும் வசதியில் பார்த்தேன். பச்சை. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கழித்துக்கொடுத்த என் விலை கூடிய போனிலும் பச்சை. அன்றைக்கு எனக்கு நானே இரண்டாவது தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி நிலையத்தின் அதிகாரி கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனுசர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, டவுனிலயிருந்து விண்ணப்பம் வருது. தோட்டங்களிலயிருந்து ஒண்டும் வரேல்ல. உங்கட சனத்துக்கு உதில டைப் பண்ணத் தெரியேல்லப் போல கிடக்கு."

தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவனுக்கு அந்த இடத்தில் ரோசம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. "அவங்க கொழுந்தைக் கிள்ளுற மாதிரிப் போனையும் கிள்ளுவாங்க சேர்" என்று ஒரு பகிடி வேறு விட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு படித்த மனிதர்கள் சேர்ந்து ஒரு மலையையே முட்டாளாக்கிவிட்டுப் போனை வைத்தோம்.

புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"டேய், பட்டன் செத்துக் கெடக்குடா. எல்லாம் நெரப்பிட்டேன். அமுக்குனா அமுங்க மாட்டேங்குது."

"எல்லாப் பெட்டியும் நெரப்புனியா?"

"கண்ணாடி போட்டுப் பாத்தேன். எல்லாம் நெறஞ்சு கெடக்கு."

அப்போதுதான் அந்தத் திருவாக்கியத்தைச் சொன்னேன். அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தேன். கொழுந்துச் சாறு ஏறி வெடித்த விரல்களைத் தொடுதிரை சில நேரம் விரல் என்றே மதிப்பதில்லை. அது உண்மைதான், லயத்தில் எல்லோருக்கும் தெரியும். போன் மசியாவிட்டால் விரலைச் சேலையில் துடைப்பார்கள், நாக்கில் நனைப்பார்கள், கடைசியில் பிள்ளையைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்வார்கள். தப்பு தங்கள் கையில்தான் என்று நம்புவது அங்கே பழகிப்போன விசயம். அதைத் தெரிந்து வைத்திருந்த நான்தான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். வெளியாள் ஒருவனுக்கு இந்தச் சாக்கு தோன்றியே இருக்காது.

வியாழக்கிழமை மறுபடியும் போன்.

"தேசிக்காய் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன். எண்ணெய் பூசிப் பாத்தேன். மகளை அமுக்கச் சொன்னேன். அவ வெரலு பட்டு மாதிரி இருக்கு, அதுக்கும் அமுங்கல. எங்க லயத்துல இன்னும் மூணு பேரு இப்படியே கழுவிக்கிட்டு இருக்காளுக."

"சிக்னல் இல்லையோ என்னமோ. மேட்டுக்குப் போய்ப் பாரேன்."

"மேட்டுல நின்னுக்கிட்டுத்தான் பேசுறேன்."

 "நாளைக்கு வாறேன்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரைக்குப் புடவைக் கடைப் படிக்கட்டில் அவள் முழங்காலின் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். வேலைக்குப் போகாமல் ஒரு நாள் பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். இருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை. போனை மேசையில் வைத்தாள்.

"இந்தா. உன் கண்ணு முன்னாலயே நெரப்புறேன். என் கையில என்ன பிழைன்னு நீயே சொல்லு."

நிரப்பினாள். நான் பகிடி விட்டது போலக் கிள்ளவில்லை. என்னைவிட வேகமாக அடித்தாள். கொழுந்து பறிக்கும் இரண்டு கைகளுக்கும் கண்ணுக்கும் இருக்கிற பழக்கம் அது. தோட்டத்தின் பெயருக்கு இரண்டு எழுத்து அடித்ததும் விசைப்பலகைக்கு மேலே முழுச் சொல்லும் தானாக வந்து நின்றது, அதைத் தட்டினாள். பெட்டிகள் எல்லாம் நிறைந்தன. பட்டன் சாம்பலாகவே கிடந்தது.

போனை வாங்கி நானும் ஒரு தடவை அமுக்கினேன். என் விரலுக்கும் அமுங்கவில்லை.

போனைக் கேபிளில் லெப்டொப்போடு இணைத்தேன். அதற்கு முதலில் போனின் உள்ளே ஓரிடத்தில் ஏழு தடவை தட்ட வேண்டும். அப்போதுதான் நிரல் எழுதுகிறவர்களுக்கான கதவு திறக்கும்.

"என்னடா, மந்திரமா பண்ற?" என்றாள் அக்கா.

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"உன் மந்திரத்துல தான்டா நாங்க மூணு நாளாக் கை கழுவிக்கிட்டு இருக்கோம்."

கதவு திறந்தது. உள்ளே நடந்ததைத் தோட்டத்து வழியிலேயே சொல்கிறேன். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். பெயர் கேட்டவர்கள் வேலைக்குப் போவார்கள். பிரவுசரும் ஒரு கணக்கப்பிள்ளை மாதிரித்தான். விசை அழுத்தினால் ஒரு பெயர், பெட்டியில் எழுத்து மாறினால் இன்னொரு பெயர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். என் நிரல் 'கீபிரஸ்' என்ற பெயருக்கு மட்டும் காது கொடுத்து நின்றது. லெப்டொப்பின் கணக்கப்பிள்ளைகள் மூவரும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். மச்சானின் போனும் கூப்பிட்டது. தோட்டத்தில் எல்லோரும் வைத்திருக்கும் இந்த மாதிரிப் போனிலோ திரைக்குள் இருக்கும் விசைப்பலகையைத் தட்டினால் அந்தப் பெயரைக் கூப்பிடும் வழக்கமே இல்லை. என் நிரல் நாலு நாளாகக் களத்தில் நின்றுகொண்டிருந்தது, யாரும் கூப்பிடவில்லை. போனளவுக்குத் திரையைச் சுருக்கிப் பார்த்தேனே, அங்கேயும் நான் தட்டியது லெப்டொப்பின் விசைகளைத்தான். படத்தின் சட்டத்தை மட்டும் மாற்றி மாட்டிவிட்டு, படமே மாறிவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு முதலில் பிரவுசர் செய்கிறவர்கள் எல்லோரும் அகப்பட்டார்கள். ஒரு மனுசி ஒரு எழுத்தை அடித்தாள் என்ற செய்தியைக்கூட இத்தனை பெரிய மூளைகள் சேர்ந்து ஒரே மாதிரிச் சொல்ல முடியாதா? வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். கீழே புடவைக் கடையில் யாரோ விலை பேசுவதை நிறுத்திக் கேட்டார்கள்.

"அவங்களை ஏன்டா வையிற? இது இப்படித்தான்னு எங்கயும் எழுதிப் போடலையா?" என்று கேட்டாள் அக்கா.

எழுதிப் போட்டிருந்தார்கள். கீபிரஸ் பழையது, பாவிக்காதீர்கள் என்று தெளிவாக எழுதிப் போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்துவிட்டு, பழைய வேலையொன்றில் எழுதிய வரிகளை அப்படியே தூக்கி இங்கே ஒட்டிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கப் போனவன் நான்.

"போட்டிருக்கு" என்றேன்.

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திருத்தம் சின்னது. கீபிரஸ் இருந்த இடத்தில் 'இன்புட்' என்று போட வேண்டும். பெட்டியில் எழுத்து எப்படி வந்தாலும், அடித்தாலும், ஒட்டினாலும், மேலே நிற்கும் சொல்லைத் தட்டினாலும், அந்தப் பெயரை எல்லாப் பிரவுசரும் கூப்பிடும். மாற்றினேன், ஏற்றினேன், அக்காவின் போனில் பக்கத்தை மறுபடி திறந்தேன். நேரம் மூன்று இருபது. அவள் நிரப்பினாள். பட்டன் சாம்பல்.

என் சத்தத்தில் இந்த முறை கேத்தல் மூடியே ஆடியிருக்கும். புதுசாக ஏற்றியது சேர்வரில் இருந்தது. போனோ டேட்டா மிச்சம் பிடிக்கிறேன் என்று தன்னிடம் இருந்த பழைய நிரலையே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பழையதை அழித்தால் அவள் போனில் மட்டும் சரியாகும், மற்றவர்கள் போனில் பழையதுதான் நிற்கும். கோப்பின் பெயரையே மாற்றினால்தான் எல்லாப் போனும் புதுசு என்று எடுக்கும். அவசரத்தில் அந்தப் பெயரை இரண்டு தடவை பிழையாக அடித்தேன்.

"கையைக் கழுவிட்டு வாறியா?" என்றாள் அக்கா. முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்று முப்பத்தெட்டுக்கு மூன்றாவது தடவையாக நிரப்பத் தொடங்கினாள். கடைசி இலக்கத்தை அடித்ததும் பட்டன் பச்சையானது. அமுக்கினாள். பதிவு இலக்கம் வந்தது. அதை என் மேசையில் கிடந்த தாளில் எழுதி, மடித்து, பர்சில் வைத்துக்கொண்டாள். எனக்கு நன்றி எதிர்பார்க்கும் அளவுக்குத் துணிச்சல் இல்லை.

"அந்த மூணு பேரு?" என்றாள்.

"போன் பண்ணிச் சொல்லு. இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

"நாலரை வரைக்கும் மலையில நிப்பாளுக. கொழுந்து நிறுக்காம எப்படி வருவாளுக? போன் லயத்துல கெடக்கும்." என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "நம்ம லயத்துலயே மூணு பேரு. மத்த தோட்டத்துல எத்தனை பேரோ. நீ உன் சேருக்குச் சொல்லு."

அதிகாரியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். திங்கட்கிழமை வரை நீட்டவும் சம்மதித்தார். மனுசர் நல்லவர்தான்.

"அறிவித்தல் ஒண்டு போட வேணும் தம்பி. சில தொலைபேசிகளில தொழில்நுட்பக் கோளாறு எண்டு போடுங்கோ."

"தொலைபேசியில கோளாறு இல்ல சேர். நான் எழுதுனதுலதான்."

"உதையெல்லாம் ஏன் விளக்குவான்? மேலிடம் கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது?"

"நான்தான்னு சொல்லுங்க."

"பேருக்குப் போடுங்கோ தம்பி, சனம் இதையெல்லாம் வாசிக்கவே போகுது?"

செவ்வாய்க்கிழமை அவரோடு சேர்ந்து சிரித்தவன் நான்தான். அவர்மேல் வந்த கோபம் பாதி, அவருக்கு அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தவன்மேல் வந்த கோபம் மீதி. போனை வைத்துவிட்டு, படிவத்தின் உச்சியில், பெரிய எழுத்தில் போட்டேன்: 'திங்கள் முதல் வெள்ளி வரை இந்தப் பட்டன் பல போன்களில் வேலை செய்யவில்லை. உங்கள் கையிலோ போனிலோ பிழை இல்லை. இதை எழுதியவர் சரிபார்க்காமல் விட்டதே காரணம். வரும் திங்கள் நாலு மணி வரை விண்ணப்பிக்கலாம்.'

அக்கா அதைத் தன் போனில் திறந்து, உதடு அசைய முழுதும் வாசித்தாள். "எழுதியவர்னு என்ன மரியாதை?" என்றாள். 'எழுதியவன்' என்று மாற்றினேன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமைக்குள் தோட்டங்களிலிருந்து விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. டைப் பண்ணத் தெரியாத சனம், ஒரு பிழை இல்லாமல் நிரப்பியிருந்தது. அக்காவும் அந்த மூவரில் ஒருத்தியும் தெரிவானார்கள். இருவரும் இப்போது ஒரே பஸ்ஸில் பதுளைக்கு வகுப்புக்கு வருகிறார்கள். மற்ற இருவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கும் என் பட்டனுக்கும் சம்பந்தம் இல்லை என்று அக்கா சொல்கிறாள், ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்த அறிவித்தலை எடுத்துவிடும்படி அதிகாரி இரண்டு தடவை கேட்டார். விண்ணப்பக் காலம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. பக்கத்தின் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டும் சேர், பார்க்கிறேன் என்று இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறேன்.