ட்ரிபிள் பெட்ரூமில் ஒரு சுற்று ஜெபம்

திருப்பதியில் ஃபிளாட் வாங்கலாம் என்று ஆரம்பித்தது என் கணவர்தான். அப்போது சித்தூரில் மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தோம். அவருக்குத் திருப்பதியில் வேலை, தினமும் பஸ். இது எல்லாரிடமும் சொன்ன காரணம். சொல்லாத காரணம், குழந்தைக்காக நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருந்தது என்பது. இரண்டு தடவை தங்கிக் கலைந்துபோயிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் குலுங்கி வருவதால்தான் நிற்கவில்லை என்று மாமியார் உறுதியாக நம்பினார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் டாக்டர் பேச்சு எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நால்வரும் கிளம்பி ஃபிளாட் பார்ப்போம். எல்லா ஃபிளாட்டிலும் ஒரு பூஜை ரூம் இருந்தது. நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். "பைபிள் வெச்சிக்கலாம், இல்லாட்டி மிக்ஸி வெச்சிக்கலாம்" என்று மாமியார் அந்தப் பிரச்சினையை முடித்துவைத்தார். மாமனார் சபையில் மூப்பர். "வாஸ்து கீஸ்து எல்லாம் நம்ம ஆளுங்களுக்கு இல்ல" என்பார். சொல்லிவிட்டு, வாசலில் நின்று போனில் திசை பார்ப்பார். கேட்டால், காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கிறாராம்.

கடைசியில் ஒரு கட்டடம் எல்லாருக்கும் பிடித்தது. மூன்றாவது மாடியில் கிழக்குப் பார்த்த ட்ரிபிள் பெட்ரூம் ஒன்று, மேல்மாடியில் டபுள் பெட்ரூம் ஒன்று. கணவருக்கு ட்ரிபிள்மேல் ஆசை. எனக்கு டபுள் போதும் என்றேன்.

"பின்னாடி எடம் பத்தலன்னு மறுபடியும் வீடு தேடிக்கினு இருக்க முடியுமா?" என்றார்.

அந்தப் 'பின்னாடி' எனக்கு வேண்டாம் என்று கடைசித் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே முடிவு செய்திருந்தேன். இனி ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருப்பது இல்லை. போதும்டா சாமி. ஆனால் அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஏரியாவுக்கு எந்தப் பள்ளிக்கூடத்து வேன் வரும் என்பதுவரை விசாரித்து வைத்திருந்த மனிதர். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வேன் விசாரிக்கிற நேரத்தில் என் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

எங்கள் சபைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடோ நிலமோ, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு அங்கே போய் நின்று ஜெபம் செய்துவிட வேண்டும். செய்த பிறகு பின்வாங்கக் கூடாது. கர்த்தரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு நாளைக்கு வேறொன்றைச் சொல்ல முடியுமா? அதனால், "இந்த வாரம் அந்த ட்ரிபிள் பெட்ரூம்ல ஜெபம் பண்ணிட்டு வந்துடலாம்" என்று மாமியார் சொன்னபோது, இனி பேச்சுக்கே இடமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவர் தலையாட்டினார். நானும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பில்டரிடம் வேலை செய்பவர் சாவியோடு வந்தார். கடைசியாக இருந்த சின்ன அறையைத் திறந்து, "இதி பில்லல ரூமு, மேடம்" என்றார் தெலுங்கில். பிள்ளைகள் அறையாம். "பெயிண்டு பிங்கா, ப்ளூவா? மீ இஷ்டம்."

"சுண்ணாம்பு போதும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"இங்கயே நின்னு பண்லாம்" என்றார் மாமியார். "இதான் முக்கியமான ரூமு."

பில்டர் ஆள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். நாங்கள் வட்டமாக நின்றோம். சுற்று ஜெபம் என்றால் ஒருவர் முடித்ததும் பக்கத்தில் நிற்பவர் தொடர வேண்டும். கடைசி ஆள் முடித்து, எல்லாரும் ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது. மாமனார் ஆரம்பித்தார். அஸ்திவாரம், சிமெண்ட், லிஃப்ட், பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள், ஒன்றையும் விடவில்லை. அடுத்தது மாமியார்.

"ஆண்டவரே, எம் மருமகளுக்கு கர்ப்பத்தின் கனியைக் குடுத்து இந்த ரூமை நிரப்பும். தொட்டில் கட்ட கொக்கி எங்க போடறதுன்னுகூட பாத்து வெச்சிட்டேன் சாமி" என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படிக் கோபப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த மனுஷி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

என் முறை. வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் என்று சொல்லி இரண்டு வரியில் முடித்துவிடுவேன். வாயைத் திறந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் குறுக்கே நான்கு பேச்சு வரும். ஜெபத்தில் மட்டும் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், மாமியார்கூட. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"ஆண்டவரே," என்றேன். "நான் இனிமே ஆஸ்பத்திரிக்குப் போறதா இல்ல. என் ஒடம்பு அலுத்துப் போச்சு. இன்னொரு தடவ இழக்க எங்கிட்ட தெம்பு இல்ல. காலியா இருக்கற இந்த ரூமை தெனமும் பெருக்கித் தொடச்சிக்கினு என்னால இங்க வாழ முடியாது. இதை நான் இவருகிட்ட சொல்லல. சொல்ல பயமா இருந்துச்சு. இவரு மனசு என்னை விட்டுப் போயிடாம பாத்துக்கும்."

அவ்வளவுதான்.

எதிர் ஃபிளாட்டில் டைல்ஸ் வெட்டுகிற மிஷின் ஓடி நின்றது. மாமியார் மூச்சு இழுப்பது கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என் கணவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அடுத்தது அவர்தான். செருமினார். மறுபடியும் செருமினார்.

"ஆண்டவரே," என்றார் என் கணவர். "மேல் மாடியில டபுள் பெட்ரூம் ஒண்ணு பாத்தோமே. அதை வேற யாருக்கும் வித்துடாம இருக்கணும். எங்க ரெண்டு பேருக்கு அது போதும்."

மாமனார் உடனே ஆமென் சொன்னார். நாங்கள் இருவரும் சொன்னோம். அப்புறமும் யாரும் கண் திறக்கவில்லை. மாமியாருக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றோம். ரொம்ப நேரம் கழித்து அவரும் ஆமென் சொன்னார்.