கைக்கவசம் மாட்டாத முதலாளி

காவல் பயிற்சிக்கு எந்த நாய் தேறும், எது தேறாது என்று சொல்வதுதான் அவள் வேலை. பயிற்சி மைதானத்தில் எல்லோரும் அவளைக் 'கறார்' என்றே கூப்பிட்டார்கள். நாயின் பக்கத்தில் தகர டப்பாவைப் போடுவாள். முகத்துக்கு நேரே குடையைப் படாரென்று விரிப்பாள். திடுக்கிட்ட நாய் தானாகத் திரும்பி வந்து முகர்ந்து பார்க்கிறதா என்பதுதான் அவளுக்கு முக்கியம். பிறகு அவள் கணவர் தடித்த கைக்கவசம் மாட்டிக்கொண்டு திருடனாக ஓடிவருவார். நாய் கவசத்தைக் கவ்வ வேண்டும், சொன்னதும் விட வேண்டும்.

அன்று வந்தவை இரண்டு. டயர் கடைக்காரம்மாவின் நாய் என்ன இனமென்று அதைப் பெற்ற தாய்க்கே தெரியாது. ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது மடங்கித் தொங்கியது. குடையைக் கண்டு பின்வாங்கிய அது, உடனே வந்து முகர்ந்தது. கவசத்தை வாய் நிறையக் கவ்வியது, சொன்னதும் விட்டது. மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்ததோ கடல் கடந்து வந்த அபூர்வ இனம், சிங்கம் மாதிரி பிடரி மயிர். டப்பா விழுந்ததும் அவர் கால்களுக்கு இடையில் புகுந்துகொண்டது. கணவர் நெருங்கியதும் நுனிப்பல்லால் ஒரு கடி கடித்துவிட்டு ஓடியது.

"பயத்துல கடிக்குது. இதுக்குப் பயிற்சி குடுத்தா ஆபத்து" என்றாள் கறார்.

மைதானத்து முதலாளி அவளைத் தனியே அழைத்தார். இந்தப் பிடரிக்காகவே கூட்டம் வரும், கலப்பு நாயை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார். அவள் எவ்வளவோ வாதாடியும், பிடரியைச் சேர்த்துக்கொண்டு டயர் கடை நாயைத் திருப்பி அனுப்பினார். கணவர், பார்த்துக்கொள்ளலாம் விடு என்றார்.

அடுத்த வாரமே அந்தப் பிடரி நாய் கவசத்தை விட்டுவிட்டுக் கணவர் தொடையைக் கிழித்தது. மருத்துவமனைக்கு வந்த முதலாளி, காயத்தைக்கூடப் பார்க்காமல், "உன் வீட்டுக்காரர் சரியா நிக்கலம்மா" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாய்க்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை, கவசத்தை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போய் அவர் கையில் திணித்தாள்.

"சரியா நிக்கத் தெரிஞ்சவர் நீங்கதானே. மாட்டுங்க. நாயை நான் பிடிச்சிட்டு வர்றேன்."

நாயை அவிழ்க்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. முதலாளி சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. முதுகுவலி என்று ஏதோ முனகியபடி கவசத்தைத் தரையில் வைத்தார்.

மருந்துக்கடைக்காரர் அவளிடம் வந்தார். "அப்ப இதை என்னதான் பண்றது?"

அவர்மேலும் அவளுக்குக் கோபம்தான். பிடரி அழகுக்காக வாங்கி, நடுங்கும் உயிரைச் சண்டைக்கு இழுத்து வந்தவர் அவர். "சத்தமில்லாத இடத்துல, பழகின ஆளுங்களோட வச்சிக்குங்க. காவலுக்கு நல்ல பூட்டா வாங்கிப் போடுங்க."

அவர் நாயை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவளுக்கு அன்று மாலையே வேலை போயிற்று.

இப்போது டயர் கடைக்குப் பின்னாலுள்ள காலி இடத்தில், கலப்போ அபூர்வமோ, வரும் நாயையெல்லாம் சோதிக்கிறாள். கணவரால் நடக்க முடிகிறது, ஓட முடியாது; டயர் கடைக்காரம்மாதான் கவசம் மாட்டிக்கொள்கிறார். தெருவில் பழைய முதலாளி எதிர்ப்பட்டால் கணவர் நின்று நலம் விசாரிக்கிறார். அன்றைக்கு வீட்டில் அவரோடு அவள் பேசுவதில்லை.