நாடியில் ஓடிய வாட்ச்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த மாமா, எழுபதுகளின் கடைசியில் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் கொண்டுவந்தார். சாவி கொடுக்க வேண்டியதில்லை, கையில் கட்டியிருந்தாலே ஓடும். எப்படி ஓடுகிறது என்று மாமாவுக்கே தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை அவர். "நாடி துடிக்குதில்ல, அதுல ஓடுது" என்று ஒரே போடாகப் போட்டார். எங்கள் தெருவே அதை நம்பியது. மில்லில் தறி ஓட்டிய அப்பாவின் மணிக்கட்டை ஆளாளுக்கு இழுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்கள்.

சில வருடம் கழித்து அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "கை காலை அசைக்கவே கூடாது, சாப்பாடுகூட ஊட்டித்தான் விடணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா அப்பாவின் கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்தாள். நின்றிருந்தது. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பத்தாவது வரை படித்த எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். அப்பா மூச்சு விடுகிறார், பேசுகிறார்; ஆனாலும் நாடி அடங்கிக்கொண்டு வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் வாட்ச் ஓடியது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். காபி வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் நான் அதைச் சொன்னேன். பிறகு, ஓடுகிறதா என்று பார்ப்பதே எங்கள் இருவருக்கும் வேலை. ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அப்பா வெளிறிக்கொண்டே போனார், நெற்றியெல்லாம் வேர்த்தது. அது ஏன் என்று புரியாமல் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

வார்டு சிஸ்டர் வந்ததும் அம்மா பெருமையாக, "நாடி நல்லாத்தான் இருக்குது சிஸ்டர், வாட்ச் ஓடுது பாருங்க" என்றாள்.

சிஸ்டருக்கு வந்ததே கோபம்! "நாடியாவது மண்ணாவது! கை ஆடினாத்தாம்மா இது ஓடும். அசையாதீங்கன்னு சொன்னா, இவரு என்ன பண்ணிக்கினு இருக்காரு?"

அப்பா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நின்னப்ப இவ மூஞ்சியப் பாக்க முடியல சிஸ்டர். கைய ஆட்டினா ஓடுச்சு. அதான் போர்வைக்குள்ள ஆட்டிக்கினே இருந்தேன்."

சிஸ்டர் வாட்ச்சைக் கழற்றி என் கையில் திணித்தார். அம்மா கட்டிலோரம் வந்து, அப்பாவின் வெறும் மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அது நின்னா நிக்கட்டும்" என்றாள். "நீங்க இருங்க."